மேடையும் ஒத்திகை அறையும்

பத்து காஜா நகருக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகையைப் பார்க்கச் செல்பவர்களில் பெரும்பாலோர் அதன் கோபுரத்தில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சற்றுத் தொலைவில் இருக்கும் மாரியம்மன் கோயில்வரை செல்பவர்கள் குறைவு. அக்கோயிலின் கூரையில், தெய்வச் சிலைகளுக்கிடையே, மேல்நாட்டு உடையணிந்த வெள்ளைக்காரர் ஒருவரின் உருவம் நிற்கிறது. அவர்தான் வில்லியம் கெல்லி ஸ்மித் என்கிறார்கள். ஸ்காட்லாந்திலிருந்து இளைஞராக வந்து, பேராக் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டம் நடத்தியவர் அவர். மாளிகையின் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தபோது தொழிலாளர்களிடையே கொடிய நோய் பரவிப் பலர் மாண்டனர். அம்மனுக்குக் கோயில் கட்டித் தருமாறு தமிழ்த் தொழிலாளர்கள் கேட்டார்கள்; அவரும் கட்டித் தந்தார். 1926இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்தார். மாளிகை முற்றுப்பெறவே இல்லை.

இந்தச் சிலையைச் சமய நல்லிணக்கத்தின் சின்னம் என்று எழுதிவிடுவது எளிது. எனக்கு அதில் சிறு தயக்கம் உண்டு. அவர் துரை, அவர்கள் கூலிகள். ஒருவர் கேட்டார்கள், மற்றவர் கொடுத்தார் என்ற அளவில் நின்ற உறவு அது. ஆயினும், நன்றி சொல்ல நினைத்த அந்த மக்கள் கடிதம் எழுதவில்லை, சிற்பம் செய்தார்கள். வேற்றுச் சமயத்தவர் ஒருவருக்குத் தங்கள் வழிபாட்டிடத்தில் இடம் கொடுக்க அவர்களிடம் இருந்த ஒரே மொழி கலைதான். சமயங்களுக்கிடையே பேச்சுத் தொடங்குவதற்குக் கலை உதவுமா என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் இந்தக் கூரைதான் நினைவுக்கு வருகிறது.

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில். லயத்து வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி, திடல், சீனர் ஒருவரின் மளிகைக் கடை ஆகியவைதாம் எங்கள் உலகம். கோயில் திருவிழா வந்தால் தப்புச் சத்தம் பக்கத்துக் கம்பத்துக்கும் கேட்கும். கம்பத்துப் பிள்ளைகள் மிதிவண்டியில் வந்து திடலோரம் நின்று பார்ப்பார்கள். கடைக்காரத் தவுக்கே அன்னதானத்துக்கு அரிசி மூட்டை அனுப்புவார். இரவில் ஆட்டம் பார்க்க நாற்காலி கொண்டுவந்து முன்வரிசையில் உட்காருவார். ஆட்டக்காரர்களின் தாளம் பிசகினால் முதலில் சிரிப்பவர் அவர்தான். இருபது ஆண்டு கேட்ட காதல்லவா? நோன்புப் பெருநாளுக்கு முந்தைய இரவு கம்பத்திலிருந்து வரும் தக்பீர் முழக்கத்தை நாங்கள் படுத்துக்கொண்டே கேட்போம். அதன் பொருள் எங்களுக்குத் தெரியாது. ஆனால், நாளைக்கு மாக்சிக் வீட்டில் லெமாங் கிடைக்கும் என்பது தெரியும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் விரும்பவில்லை. வறுமை இருந்தது, மதுப் பழக்கம் இருந்தது, இனங்களுக்கிடையே சந்தேகமும் இருந்தது. ஒன்று மட்டும் உறுதி. ஒருவர் வழிபாட்டின் ஓசை மற்றவர் காதுக்குப் பழகியிருந்தது. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. மக்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் குடிபெயர்ந்தார்கள். அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டு மேளம் இசையாகக் கேட்பதில்லை, இரைச்சலாகக் கேட்கிறது. புகார் செய்யக் கை தொலைபேசியைத் தேடுகிறது. பழக்கம் விட்டுப்போன காது அப்படித்தான் இருக்கும்.

பழக்கம் இழந்த இந்தத் தலைமுறைக்கு நாம் என்ன செய்தோம்? கலை இரவு நடத்தினோம். நானும் நடத்தியிருக்கிறேன்.

ஆசிரியராகப் பணியாற்றிய தொடக்க ஆண்டுகளில், பள்ளியின் ஒற்றுமைக் கலை இரவுக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். கொம்பாங் குழு, சிங்க நடனம், உறுமி மேளம், பரதநாட்டியம் என்று நிகழ்ச்சி நிரல் அழகாகவே இருந்தது. கொம்பாங் முடிந்தது, அந்தக் குழுவும் அவர்களுடைய பெற்றோரும் எழுந்து போனார்கள். சிங்கம் ஆடி முடித்தது. இன்னும் சில வரிசைகள் காலியாயின. கடைசி நிகழ்ச்சியாகப் பரதம் ஆடிய மாணவியின் முன்னே அவள் குடும்பத்தாரும் வேறு வழியில்லாத சில ஆசிரியர்களும் மட்டுமே இருந்தார்கள். மறுநாள் அறிக்கையில் ‘பல்லின மாணவர்களின் ஒற்றுமை சிறப்பாக வெளிப்பட்டது’ என்று எழுதினேன். அதை எழுதிய கை என்னுடையதுதான். அதற்காக இன்றும் கூசுகிறேன்.

அடுத்த ஆண்டு மழைதான் எனக்குப் பாடம் நடத்தியது. ஒத்திகை நாளன்று பெய்த கனமழையால் திடலில் பயிற்சி செய்ய முடியவில்லை. மூன்று மேளக் குழுக்களும் ஒரே அறையில் அடைபட்டன. முதலில் யார் சத்தம் பெரியது என்ற போட்டிதான் நடந்தது. சிறிது நேரத்தில் கைகள் ஓய்ந்தன. உறுமி வாசித்த மாணவன் கொம்பாங்கை எடுத்துத் தட்டிப் பார்த்தான். ஒற்றை முகம் கொண்ட, ஆட்டுத்தோல் போர்த்திய அந்தக் கருவி பார்ப்பதற்கு எளியது. ஆனால், கொம்பாங்கில் ஒருவர் அடிக்கும் இடைவெளியில் இன்னொருவர் அடித்து நிரப்ப வேண்டும். எல்லாருடைய அடியும் பின்னிப் பிணைந்தால்தான் முழுத் தாளம் பிறக்கும். தனியாளாக அவனால் அதை வாசிக்க முடியவில்லை. ‘நீ உன் அடியை மட்டும் அடி, மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றான் கொம்பாங் குழுத் தலைவன். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து அந்த முனகல் ஒலியை எழுப்ப அவனும் முயன்றான். வந்தது பூனையின் குரல். அறையே சிரித்தது.

சிரிப்புக்குப் பிறகுதான் கேள்விகள் வந்தன. ‘உறுமியைத் தொடுமுன் நீ ஏன் செருப்பைக் கழற்றுகிறாய்?’ ‘கொம்பாங் அடிக்கும்போது பாடுகிறீர்களே, அது யாரைப் பற்றிய பாட்டு?’ ‘சிங்கத்தின் கண்ணில் முதலில் சாயம் தொட்டு ஒரு சடங்கு செய்வார்களாமே, அது எதற்கு?’ நபிகள் நாயகத்தின் மீது வாழ்த்துச் சொல்வதைப் பற்றி ஒருவன் சொன்னான். கண் திறந்தால்தான் சிங்கத்துக்கு உயிர் வரும் என்று மற்றவன் சொன்னான். எங்கள் மாணவனுக்குத் தன் செருப்புக் கேள்விக்கு உடனே பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். கேட்டுக்கொண்டும் வந்தான். பிறர் கேட்காதிருந்தால் அவன் தன் தாத்தாவிடம் அதைக் கேட்டிருக்கவே மாட்டான்.

என் கருத்து இதுதான். மேடை நம்மை வரிசையாக நிறுத்துகிறது. ஒத்திகை அறை நம்மைக் கலக்கிறது. பிறர் கலையைப் பார்ப்பதால் மட்டும் சமய நல்லிணக்கம் வளர்வதில்லை. அதைக் கற்க முயன்று, தடுமாறி, தெரியாததைக் கேட்கும் இடத்தில்தான் அது வளர்கிறது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் தமிழ் மரபிலேயே இருக்கிறது. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்ற முதல் தமிழ் நாவலை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர். மாயூரத்தில் நீதிபதியாக இருந்த அவர் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ என்ற இசைப் பாடல்களையும் இயற்றினார். எந்தச் சமயத்தவரும் பாடத்தக்க வகையில், பொதுவான இறைவனை நோக்கி அவற்றைப் பாடினார். கருநாடக இசைக் கச்சேரிகளில் அவை இன்றும் ஒலிக்கின்றன. நாதசுவர மேதை ஷேக் சின்ன மௌலானா இன்னொருவர். ஆந்திராவில் நாதசுவரம் வாசிக்கும் முஸ்லிம் குடும்பத்தில் 1924இல் பிறந்தார். தஞ்சாவூர்ப் பாணியின் மீது கொண்ட ஆசையால் தமிழ்நாட்டுக்கு வந்து கற்றார். திருவரங்கத்தில் குடியேறி அரங்கநாதரின் கோயிலில் வாசித்தார். 1998இல் சங்கீத கலாநிதி விருது அவரைத் தேடி வந்தது. இறுதிவரை அவர் முஸ்லிமாகவே வாழ்ந்தார், பெயரையும் மாற்றவில்லை. தங்கள் சன்னிதியில் வாசிப்பவர் யார் என்பது திருவரங்கத்து மக்களுக்குத் தெரியும். தெரிந்தே கேட்டார்கள்.

நம் நாட்டிலும் அத்தகையவர் ஒருவர் இருக்கிறார். 1983இல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கிய ரம்லி இப்ராகிம் மலாய் முஸ்லிம். அடையாறு கே. லட்சுமணிடம் பரதமும், குரு தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் பயின்றவர். கோயில் மரபில் பிறந்த நடனத்தை ஒரு முஸ்லிம் ஆடலாமா என்ற கேள்வியை அவர் பல ஆண்டுகள் எதிர்கொண்டார். பதில் சொல்லிக்கொண்டே ஆடினார். பல இன மாணவர்களுக்கும் கற்றுத் தந்தார். இந்திய அரசு 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இப்படிச் சொல்லும்போது சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். பிள்ளையின் சமய நம்பிக்கை குழம்பிவிடாதா என்பது அவர்களின் அச்சம். அதை ஏளனம் செய்யக் கூடாது. 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அறிவிக்கப்பட்ட நம் ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைப்பதுதான். அதைத் தளர்த்தும் எந்த நல்லிணக்கமும் இங்கு நிலைக்காது. அன்றைய ஒத்திகை அறைக்கே திரும்பிப் போகிறேன். தைப்பூசத்தன்று கல்லுமலை ஆலயம் செல்லும் காவடிகளுடன் வாசிக்க வருகிறாயா என்று எங்கள் மாணவன் தன் புதிய நண்பனை அழைத்தான். ‘இங்கே அறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கிறேன். சாமி ஊர்வலத்தில் வாசிக்க மாட்டேன், என் சமயம் அதற்கு இடம் தராது’ என்றான் அவன். ‘சரி, அப்படியானால் சாலையோரம் நின்று தாளம் சரியாக இருந்ததா என்று சொல்’ என்றான் இவன். எல்லை எங்கே என்று சொன்னவனுக்கும் கோபமில்லை, கேட்டவனுக்கும் வருத்தமில்லை. பெரியவர்களின் கூட்டங்களில் இவ்வளவு தெளிவான உரையாடலை நான் அதிகம் கேட்டதில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு. மேளம் அடித்தால் சண்டை நின்றுவிடுமா? நிற்காது. யூதரான இசைக் கலைஞர் டேனியல் பேரன்பாயிமும் பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயித்தும் 1999இல் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார்கள். இஸ்ரேலிய இளைஞர்களும் அரபு இளைஞர்களும் அதில் அருகருகே அமர்ந்து வாசித்தார்கள். அதற்குப் பின்னும் அந்த மண்ணில் போர்கள் நடந்தன. ஆகவே, கலை போரை நிறுத்தும் என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். ஒரே தாளைப் பார்த்து வாசிக்கும் இருவர், ஒருவர் சுருதியை மற்றவர் கவனித்தே ஆக வேண்டும். பகைவரின் குரலைக் கேட்கவே மறுக்கும் உலகில், அந்த இரண்டு மணி நேரம் எனக்குச் சிறியதாகத் தோன்றவில்லை.

உறுமி மேளத்தைப் பற்றியும் ஒரு சொல். அதை வாசிக்கும் இளைஞர்களை முரடர்கள் என்று ஒதுக்கும் வழக்கம் நம்மவர்களிடமே இருக்கிறது. சொந்த வீட்டுக் கலையை மதிக்காதவர்கள் அடுத்த வீட்டுக் கலையை எப்படி மதிப்பார்கள்? தோட்டத்திலிருந்து நம்மோடு நகரத்துக்கு வந்தவற்றுள் அந்த மேளமும் ஒன்று.

அண்மையில் ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளிக்குப் பணி நிமித்தம் சென்றேன். இசைக்கருவிகள் மூன்று அலமாரிகளில் இருந்தன. மூன்றுக்கும் தனித்தனிப் பூட்டு; மூன்று ஆசிரியர்களிடம் மூன்று சாவிகள். கொம்பாங் திங்கட்கிழமை, சிங்க நடனம் செவ்வாய், உறுமி மேளம் வியாழன் என்று பயிற்சி அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது. மாதத்தில் ஒரே ஒரு நாள் மூன்று அலமாரிகளையும் ஒன்றாகத் திறக்க முடியுமா என்று புறப்பாட ஆசிரியரிடம் கேட்டேன். மேடை வேண்டாம், அழைப்பிதழ் வேண்டாம், படம் எடுப்பவரும் வேண்டாம் என்றேன். அவர் சற்று யோசித்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு அட்டவணை அருகே போனார். மூன்றாம் வாரம் புதன்கிழமை மண்டபம் காலியாக இருக்கிறது என்றார்.