மைனஸ் 999 மி.மீ. மழை!

மக்களே, இது பொட்டி தட்டுறவங்களுக்கான பதிவு. மத்தவங்களும் படிக்கலாம், நடுவுல மழை வருது :-)

எந்த டைப் கொடுத்தாலும் வேலை செய்யணும், அதுக்குத்தானே சி++ல டெம்ப்ளேட்? ஆனா "ஜெனரிக்கா எழுதுறேன்"னு பீத்திக்கிற பலரோட கோடைத் திறந்து பார்த்தா, உள்ள ஒரு -999 சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். "டேட்டா இல்லை"ன்னு அர்த்தமாம். ஏமாத்து வேலை சாமி இது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901லேர்ந்து நாட்டைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு தினசரி மழையளவு கொடுக்குது. அளவு இல்லாத கட்டத்துக்கு -999. அதே துறையோட வெப்பநிலைக் கோப்புல 99.9. கோப்புல அப்படி ஒரு அடையாளம் இருக்கிறது தப்பில்ல. அதை அப்படியே தூக்கிட்டு வந்து கணக்குப் போடுற டெம்ப்ளேட்டுக்குள்ள வைக்கிறாங்க பாருங்க, அங்கதான் எனக்குக் காண்டு.

எங்க ஊர்ப் பக்கமே பார்ப்போம். நமக்கு அனந்தபுரம். ஃபெஞ்சல் புயலப்போ, 2024 டிசம்பர் 1 காலை வரைக்குமான 24 மணி நேரத்துல, எங்க விழுப்புரம் மாவட்டத்து மயிலத்துல 51 செ.மீ. கொட்டுச்சு. அதாவது 510 மி.மீ. மறுநாள் கருவி படுத்துடுச்சு, -999 வந்துச்சுன்னு சும்மா வச்சுக்குங்க. ரெண்டு நாள் மொத்தம் -489! வீடு முழுகிப்போனவர்கிட்ட போய் "மழை கீழேர்ந்து மேல பெஞ்சுதுங்க"ன்னு சொல்லுவீங்களா? டைப்பை 32 பிட் அன்சைன்டா மாத்துனா இன்னும் கூத்து. -999 போய் 4294966297 ஆகிடும். கிட்டத்தட்ட 4,295 கிலோமீட்டர் உசரத்துக்குத் தண்ணி. 99.9 கதை வேற. டேட்டா ஃப்ளோட், நீங்க ஒப்பிடுறது டபுள். ரெண்டும் சமமே ஆகாது. உங்க வடிகட்டி வேடிக்கை பார்த்துட்டு நிக்கும்.

"நியூமரிக் லிமிட்ஸ் எதுக்கு இருக்கு? நேன் போட்டா முடிஞ்சுது"ன்னு ஒரு அறிவாளிக் கூட்டம் வரும். (நேன்னா 'எண்ணே இல்லை'ங்கிற மதிப்பு. ரொட்டி இல்லீங்க.) ஃப்ளோட், டபுளுக்குச் சரி. முழு எண் டைப்புக்கு அதையே கேட்டுப் பாருங்க, கம்பைலர் முணுமுணுக்காம 0 கொடுக்கும். இன்ஃபினிட்டி கேட்டாலும் 0தான்! அதாவது "அளக்கலை"ங்கிறது "மழையே இல்லை"ன்னு ஆகிடுது. -999ஆவது அசிங்கமா கண்ணுல குத்தும். இந்த 0 சத்தமே போடாது. வறட்சி, நிவாரணம்னு அந்த எண் எங்கெல்லாம் போய் உட்காரும்னு யோசிங்க.

நான் கேக்குறது ரொம்பச் சின்னது. "இல்லை"ங்கிறதுக்குன்னே தனியா ஒரு ட்ரெய்ட்ஸ் டெம்ப்ளேட் வைங்க. மூல டெம்ப்ளேட்டை அறிவிச்சுட்டு, உள்ள எதுவும் எழுதாம விட்டுடுங்க. எந்த டைப்புக்கு எது "இல்லை"ன்னு நீங்களே முடிவு பண்ணி எழுதலையா, கம்பைலே ஆகக்கூடாது. அதுல அந்த மதிப்பைக் கொடுக்க ஒரு ஃபங்ஷன், "இது இல்லையா?"ன்னு பார்க்க இன்னொண்ணு. ரெண்டாவது கட்டாயம் வேணும், ஏன்னா நேன் தனக்குத்தானே சமமில்ல. கோப்புலேர்ந்து வர்ற -999ஐ வாசல்லயே நிறுத்தி மாத்திடணும்.

"சி++17ல ஆப்ஷனல் இருக்கே"ம்பீங்க. நல்ல சரக்குதான். ஆனா 4 பைட் ஃப்ளோட் பொதுவா 8 பைட் ஆகிடும். ஒரு நாளுக்கு 17,415 கட்டம். 120 வருஷத்தை மொத்தமா ஏத்துனா 3 ஜிபி இடத்துல 6 ஜிபி கேக்கும். உங்க ரேம், உங்க பாடு.