ஓர்காவை விட்டு ரோலர் கோஸ்டருக்கு

ஒரு பொழுதுபோக்குப் பூங்கா தன் எதிர்காலம் எதில் இருப்பதாக நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள அதன் விளம்பரத்தைப் படிக்க வேண்டியதில்லை. எதில் பணம் போடுகிறது என்று பார்த்தால் போதும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகரில் இருக்கும் சீவேர்ல்ட், 2016-ல் ‘மேக்கோ’ என்ற ரோலர் கோஸ்டரைத் திறந்தது. 200 அடி உயரம், மணிக்கு 73 மைல் வேகம். 2018-ல் இன்ஃபினிட்டி ஃபால்ஸ், 2022-ல் ஐஸ் பிரேக்கர், 2023-ல் பைப்லைன், 2024-ல் பெங்குயின் ட்ரெக் என்று வரிசையாகப் புதிய சவாரிகள் வந்தன. மேக்கோ என்பது ஒரு சுறா. அதன் பெயர் இப்போது இரும்புத் தண்டவாளத்துக்கு. கொலைத் திமிங்கிலம் எனப்படும் ஓர்காக்களுக்கு மிகப் பெரிய குளம் கட்டப்போவதாக 2014-ல் நிறுவனம் அறிவித்த திட்டமோ கைவிடப்பட்டது.

ஐம்பது ஆண்டுகளாக ஓர்காதான் இந்த நிறுவனத்தின் முகம். அந்த முகத்தை அது ஏன் மெல்ல மறைத்துக்கொள்கிறது?

1964 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் முதல் சீவேர்ல்டைத் தொடங்கியவர்கள், ஒரே பல்கலைக்கழகத்தில் படித்த நான்கு பேர். அவர்கள் முதலில் யோசித்தது கடலுக்கடியில் ஓர் உணவகம். அது கைகூடாமல் பூங்காவானது. மறுவருடம் ‘ஷாமு’ என்ற பெண் ஓர்கா வந்ததும் எல்லாம் மாறிப்போனது. ஷாமு 1971-ல் இறந்தது. பெயர் மட்டும் சாகவில்லை. அடுத்தடுத்து வந்த ஓர்காக்கள் எல்லாம் மேடையில் ஷாமுதான். பூங்காக்கள் 1976-ல் ஒரு பாடநூல் பதிப்பகத்தின் கைக்கும், 1989-ல் பீர் கம்பெனி ஒன்றின் கைக்கும், 2009-ல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கும் மாறின. யார் முதலாளியானாலும் ஷாமு தேவைப்பட்டது.

தேவைப்பட்டதைக் கடலிலிருந்து எடுத்த விதம் கொடூரமானது. 1970 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்தின் பென் கோவ் என்ற விரிகுடாவில் விரைவுப் படகுகளாலும் வெடிகளாலும் சுமார் 80 ஓர்காக்களை விரட்டி வலைக்குள் அடைத்தார்கள். ஏழு இளம் ஓர்காக்கள் பல நாட்டுப் பூங்காக்களுக்கு விற்கப்பட்டன. ஐந்து, வலையில் சிக்கி மூழ்கி இறந்தன. 1976-ல் வழக்கு வந்ததும், வாஷிங்டன் கடலில் இனி ஓர்கா பிடிப்பதில்லை என்று சீவேர்ல்ட் ஒப்புக்கொண்டது. பூங்காக்களுக்கான வேட்டை ஐஸ்லாந்துப் பக்கம் போனது.

அந்தக் கடலில்தான் 1983-ல், சுமார் இரண்டு வயதில், திலிகும் என்ற ஓர்கா பிடிபட்டது. கனடாவின் ஒரு பூங்காவில் 1991-ல் ஒரு பயிற்சியாளரின் சாவில் அதற்குப் பங்கு இருந்தது. அது தெரிந்தே 1992-ல் ஆர்லாண்டோவுக்குக் கொண்டுவந்தார்கள், இனப்பெருக்கத்துக்கும் பயன்படுத்தினார்கள். 1999-ல் இரவில் பூங்காவுக்குள் தங்கிவிட்ட ஒருவரின் உடல் காலையில் திலிகுமின் முதுகின் மேல் கிடந்தது. 2010 பிப்ரவரி 24 அன்று, அனுபவமிக்க பயிற்சியாளர் டான் பிரான்ஷோவை அது தண்ணீருக்குள் இழுத்துக் கொன்றது. 2013-ல் ‘பிளாக்ஃபிஷ்’ ஆவணப்படம் இந்தக் கதையை வீட்டு வரவேற்பறைக்கே கொண்டுபோனது. பயிற்சியாளர்களின் பாதுகாப்பில் நிறுவனம் தவறியது என்ற தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் முடிவை 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2016 மார்ச்சில் ஓர்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக சீவேர்ல்ட் அறிவித்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா அதைச் சட்டமாகவே ஆக்கியது.

மனம் திருந்தியா இதைச் செய்தார்கள் என்று கேட்டால், இல்லை. கூட்டம் குறைந்தது, பங்கு விலை விழுந்தது. பிறகுதான் ஞானம் பிறந்தது. ஆனால் எந்தக் காரணத்துக்காக நிறுத்தினாலும் நிறுத்தியது நிறுத்தியதுதான்.

இன்றும் அமெரிக்காவின் மூன்று சீவேர்ல்டுகளிலும் ஓர்காக்கள் உண்டு. பழைய இசையும் நாடகமும் போய், காட்சி இப்போது ‘கல்வி நிகழ்ச்சி’. திரையில் தகவல்கள் ஓடுகின்றன. ஓர்கா துள்ளுகிறது, வாளியிலிருந்து மீன் வாங்கிக்கொள்கிறது. திறந்த கடலில் நாளொன்றுக்குப் பல பத்து மைல் நீந்தி, நூறு மீட்டருக்கும் கீழே மூழ்கும் விலங்கைப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழக் குளத்தில் நிறுத்திவிட்டு எதைக் கற்பிப்பது? குளத்து ஆண் ஓர்காவின் முதுகுத்துடுப்பு ஒரு பக்கமாக மடிந்து தொங்குவதைப் பார்த்தாலே பாடம் முடிந்துவிடும்.

அப்படியானால் அங்கே பார்க்க எதுவுமே இல்லையா? இருக்கிறது, மேடைக்கு வெளியே. கடற்பசு இனத்தைச் சேர்ந்த மானட்டீக்களை மீட்டுச் சிகிச்சை தரும் குளங்கள் ஆர்லாண்டோவில் உள்ளன. மூன்று மீட்டர் நீளமுள்ள சாம்பல் நிற உடல், மிதக்கும் லெட்டூஸ் கீரையைத் தடித்த உதடுகளால் பற்றி, அவசரமே இல்லாமல் மெல்லும். முதுகில் வரிசையாக வெள்ளைக் கோடுகள்: படகின் சுழல்விசிறி வெட்டிய தழும்புகள். எது எந்த மானட்டீ என்பதை ஆய்வாளர்கள் இந்தத் தழும்புகளை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். 2021-ல் ஃபுளோரிடாவில் 1,100 மானட்டீக்கள் வரை இறந்தன. பெருங்காரணம் பட்டினி. உரமும் கழிவுநீரும் காயலில் கலந்து பாசி பெருகி, வெளிச்சமில்லாமல் கடற்புல் அழிந்தது. அந்தக் குளிர்காலத்தில் அரசே கீரை போட்டு மானட்டீக்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மெலிந்து கிடைத்தவற்றை ஏற்றுக்கொண்ட இடங்களில் சீவேர்ல்டும் ஒன்று. இதுவரை 40,000-க்கும் மேற்பட்ட விலங்குகளை மீட்டதாக நிறுவனம் சொல்கிறது. மானட்டீ வித்தை காட்டுவதில்லை. தேறியதும் கடலுக்கே திரும்பவேண்டும் என்பதுதான் அங்கே வேலையின் இலக்கு. டிக்கெட் காசு நியாயமாகப் போகும் இடம் இதுதான்.

ஓர்கா இல்லாவிட்டால் கூட்டம் வராது என்ற வாதத்தை நிறுவனமே முறியடித்துவிட்டது. 2023 மே மாதம் அபுதாபியின் யாஸ் தீவில், அமெரிக்காவுக்கு வெளியே முதல் சீவேர்ல்ட் திறக்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடல் உயிரினங்கள் உண்டு. ஓர்கா ஒன்றுகூட இல்லை. டால்பின்கள் இருக்கின்றன என்பது தனிக்கதை. ஓர்காவும் டால்பின் குடும்பம்தான். பெரியதற்குப் பொருந்தும் நியாயம் சிறியதற்கு ஏன் பொருந்தாது என்று நிறுவனத்தைக் கேட்க வேண்டும்.

பிடித்து வைப்பதைவிட விடுவிப்பது கடினம். பிரான்ஸில் ஓர்கா, டால்பின் காட்சிகளைத் தடைசெய்யும் சட்டம் 2021-ல் நிறைவேறி, அன்தீப் நகரின் மரைன்லேண்ட் பூங்கா 2025 ஜனவரியில் மூடப்பட்டது. அங்கிருந்த தாயும் மகனுமான இரண்டு ஓர்காக்களை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு, பூங்காவை மூடியபோதும் விடை கிடைத்திருக்கவில்லை. பிறந்ததே குளத்தில் என்பதால் அவற்றைக் கடலில் விடவும் வழியில்லை.

இந்தியாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1990-களின் இறுதியில் சென்னை அருகே ‘டால்பின் சிட்டி’ என்று ஒரு பூங்கா வந்தது. பல்கேரியாவிலிருந்து கொண்டுவந்த டால்பின்கள் சில மாதங்களிலேயே இறந்தன. கேரளம், மகாராஷ்டிரம் உட்பட சில மாநிலங்களில் மறுபடி டால்பின் பூங்கா யோசனைகள் எழுந்தபோது, 2013 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையமும் அவற்றுக்கு அனுமதி கிடையாது என்று அறிவித்தன. ஆனால் அது ஒரு சுற்றறிக்கை. சுற்றறிக்கையை மாற்ற இன்னொரு சுற்றறிக்கை போதும். சுற்றுலா வருமானத்தைக் காட்டி யாராவது மனுவோடு வருவதற்குள், நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கிவிட வேண்டும்.