சாவி யார் கையில்?

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலிலுள்ள ஜில்லா கலெக்டர் அலுவலகத்திற்குத் திங்கட்கிழமைதோறும் ஜனங்கள் மனுவும் கையுமாக வருகின்றனர். பட்டாவுக்காக அலைபவர் சிலர். பென்ஷனுக்காக அலைபவர் சிலர். அவர்களுடைய உரிமைக்கு ஆதாரமான பதிவுகள் முன்போல் தாலுகா கச்சேரியின் பெட்டகத்தில் மட்டும் இல்லை. சர்வர் எனப்படும் பெரிய கம்ப்யூட்டர்களில் இருக்கின்றன. பெட்டகத்தின் சாவி யாரிடம் இருந்தது என்பதை அக்காலத்தில் ஊரறியும். சர்வரின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்று கேட்பாரில்லை. தேசாபிமானிகள் கேட்டே தீரவேண்டிய கேள்வி இதுவென்று கருதுகிறோம்.

சர்வருக்கு மின்சாரம் வந்தவுடன் முதலில் விழித்தெழுவது பர்ம்வேர் என்னும் அடித்தள நிரல். இயந்திரத்தின் உறுப்புகளை எழுப்பிச் சரிபார்த்து, பின்னர் லினக்ஸையோ விண்டோஸையோ அழைத்து ஆட்சியை ஒப்படைப்பது அதுவே. அடித்தளத்தில் வஞ்சகம் புகுந்துவிட்டால் மேலே வைத்த காவலெல்லாம் வீண். 2018-ல் ஈசெட் கம்பெனியார் கண்டுபிடித்த ‘லோஜாக்ஸ்’ என்னும் தீய நிரல் அத்தகையது. ஹார்ட் டிஸ்கையே மாற்றினாலும் அது ஒழியாது. இவ்வபாயத்தைத் தடுக்க ஏற்பட்டதே ‘செக்யூர் பூட்’. அடுத்து வரும் நிரலில் உரிய கையொப்பம் உண்டா என்று பார்த்து, இல்லாததை மறுப்பது அதன் வேலை. அவசியமான ஏற்பாடு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் யாருடைய கையொப்பம்? விற்பனைக்கு வரும் சர்வர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பவை, இயந்திரத்தைச் செய்த கம்பெனியின் சாவியும் அமெரிக்க மைக்ரோசாப்ட் கம்பெனியின் சாவியுமேயாம். லினக்ஸும்கூட மைக்ரோசாப்ட் கையொப்பமிட்ட ஒரு சிறு நிரலின் துணைகொண்டே பல இயந்திரங்களில் உள்ளே நுழைகிறது. அக்கம்பெனியின் 2011-ஆம் ஆண்டுச் சான்றுகள் 2026 ஜூன் முதல் காலாவதியாகும்படி விதிக்கப்பட்டவை. நம் ஜனங்களின் பத்திரங்களைக் காக்கும் பூட்டுக்கு வேறொரு நாட்டுக் கம்பெனி கெடு வைப்பது சுயராஜ்யத்துக்கு ஏற்றதா?

மூடிவைத்தால்தான் பத்திரம் என்பாரும் உண்டு. அவர்களுக்கு 2024 ஜூலையில் பைனார்லி என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் வெளியிட்ட செய்தியே பதில். ‘நம்பவேண்டாம்’ என்று பெயரிலேயே எழுதியிருந்த பரீட்சைச் சாவியைப் பிரபல கம்பெனிகள் நூற்றுக்கணக்கான மாடல்களில் அப்படியே வைத்து விற்றிருந்தன. அச்சாவியின் இரகசியப் பகுதியோ முன்னமே வெளியாகிவிட்டது. கம்பெனியின் வார்த்தையை நம்பி வாங்கியவர்கள் பல ஆண்டுகள் ஏமாந்திருந்தனர். சங்கேத முறை பகைவனுக்குத் தெரிந்தாலும் சாவி ஒன்று இரகசியமாயிருந்தால் போதும்படி அமையவேண்டுமென்று கெர்க்காப்ஸ் என்ற அறிஞர் 1883-லேயே எழுதிவிட்டார்.

மூல நிரல் பகிரங்கமாயுள்ள பர்ம்வேர் வெறுங்கனவன்று. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிசாலையில் 1999-ல் ‘லினக்ஸ்பயாஸ்’ என்று தொடங்கி, 2008 முதல் ‘கோர்பூட்’ என வழங்குவதை எவரும் படிக்கலாம், திருத்தலாம். அதிலும் கையொப்பச் சோதனைக்கு இடமுண்டு. சாவியை உடைமையாளரே வைத்துக்கொள்ளலாம். இன்டெல் முதலிய கம்பெனிகளின் சில்லுகளுக்குச் சில மூடிய துண்டுகள் இன்னும் தேவைப்படுகின்றன என்பது உண்மையே. ஆயினும் முழுவதும் மூடிக் கிடப்பதைவிடப் பெரும்பகுதி திறந்திருப்பது மேல். கையொப்பச் சோதனையையே விலங்கென்று வெறுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: சாவி நம்மிடம் இருந்தால் அது பூட்டு, பிறரிடம் இருந்தால்தான் விலங்கு.

நம் நாட்டில் திறமைக்குக் குறைவில்லை. சி-டாக் ஸ்தாபனத்தார் வடிவமைத்த ‘ருத்ரா’ சர்வர்களைக் கொண்ட சூப்பர் கம்ப்யூட்டர்கள் 2024 செப்டம்பரில் புனே, டில்லி, கொல்கத்தா நகரங்களில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. அவற்றின் மூளையான சில்லு மட்டும் அந்நியம். சென்னை ஐ.ஐ.டி.யார் பகிரங்கமாக வடிவமைத்த ‘சக்தி’ சில்லு 2018-ல் சண்டீகரிலேயே தயாரிக்கப்பட்டது. திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தருவதென்று 2015-ல் மத்திய சர்க்கார் கொள்கை வகுத்தது. மேல்மாடிக்கு ஒப்புக்கொண்ட நியாயம் அஸ்திவாரத்துக்குப் பொருந்தாதா?

ஆகவே, சர்க்கார் இனி சர்வர் வாங்கும் டெண்டர்களில் மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, சாவியை மாற்றும் உரிமை வாங்குவோருக்கு இருக்கவேண்டும். இரண்டாவது, நமது நிபுணர்கள் மூல நிரலைப் படித்து, தாமே தொகுத்து, இயந்திரத்திலுள்ளதோடு ஒப்பிட முடியவேண்டும். மூன்றாவது, கையொப்பச் சாவி இந்நாட்டிலேயே உண்டாக்கப்பட்டு, ஒருவருக்கு மேற்பட்ட அதிகாரிகளின் பொறுப்பில் இருக்கவேண்டும். அண்ணாமலையார் கோயில் உண்டியலைப் பலர் முன்னிலையில்தான் திறந்து எண்ணுகிறார்கள். குடிகளின் நிலப் பதிவுக்கு அதைவிடக் குறைந்த காவலா?

2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் சர்வர்கள் தாக்கப்பட்டபோது, சுமார் இரண்டு வாரம் நோயாளிகளின் காரியங்கள் கையெழுத்தில் நடந்தன. அத்தாக்குதல் வேறு வகையினது; ஆயினும் சர்வர் முடங்கினால் அவதிப்படுவோர் ஏழைகளே என்பதை அது காட்டிற்று. கஜானாச் சாவியை அந்நியரிடம் விட்டுவைத்துச் சுதந்திரம் பெற்றதாக 1947-ல் எவரும் திருப்தியடைந்திருக்க மாட்டார்கள். சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த டெண்டருக்கு முன்பே இக்கேள்வியைச் சபையில் எழுப்புவார்களாக.