யானை நேரம் பார்த்து வராது

திருவனந்தபுரத்தில் தம்பானூர் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள டிராவல்ஸ் அலுவலகங்களில் எங்கே விசாரித்தாலும் ஏறக்குறைய ஒரே திட்டம்தான் கைக்கு வரும். தனிக் கார், டிரைவர். முதல் நாள் மலையேறித் தேக்கடி. இரண்டாம் நாள் ஏரியில் படகுச் சவாரி, வன விலங்குகள். மூன்றாம் நாள் மலையிறங்கி ஆலப்புழை. அங்கே படகுத்துறையில் கெட்டுவள்ளத்தில் ஏற்றிவிடுவார்கள். நான்காம் நாள் காலை அதே கார் கரையில் காத்திருந்து திருவனந்தபுரத்துக்கு அழைத்து வரும். மும்பை மாட்டுங்காவிலிருந்தோ டெல்லியிலிருந்தோ பத்மநாபசாமி தரிசனத்துக்கும் கன்னியாகுமரிக்கும் வருகிற தமிழ்க் குடும்பங்கள், குழந்தைகளுக்காக இந்த நான்கு நாளையும் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மணிக்கணக்கும் போட்டிருக்கும்: காலை 7.30, படகு, யானை பார்த்தல். இதில் யானையிடம் மட்டும் யாரும் சம்மதம் வாங்கியதில்லை.

தேக்கடி ஏரி இயற்கையாக அமைந்ததல்ல. திருவிதாங்கூர் மன்னரும் சென்னை மாகாண அரசும் 1886இல் செய்துகொண்ட 999 ஆண்டு குத்தகையின்படி, பென்னிகுயிக் கட்டி 1895இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உருவான நீர்த்தேக்கம் அது. அன்று மூழ்கிய மரங்களின் பட்டுப்போன அடித்தண்டுகள் இன்னமும் தண்ணீருக்கு மேல் நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகுலர்த்தும். 1934இல் திருவிதாங்கூர் அரசு இந்தக் காட்டை வேட்டைக்குத் தடையுள்ள பகுதியாக்கியது. 1950இல் அது சரணாலயமாகவும் 1978இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. இன்று காப்பகத்தின் பரப்பு 925 சதுர கி.மீ.

இவ்வளவு பெரிய காட்டில் யானை எப்போது ஏரிக்கரைக்கு வரும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். பிப்ரவரி முதல் மே வரை உள்காட்டு ஓடைகள் வற்றும். அணையின் நீர்மட்டமும் இறங்கி, கரையோரத்தில் புதுப் புல் தலைகாட்டும். அப்போது யானைக் கூட்டங்கள் இறங்கி வரும்; காட்டெருமையும் மிளாவும் வரும். மழைக்காலத்தில் காடு முழுக்கத் தண்ணீர். யானைக்கு ஏரிக்கு வர வேண்டிய தேவையே இல்லை. புலியைப் படகிலிருந்து பார்த்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அந்த நம்பிக்கையில் டிக்கெட் வாங்கக் கூடாது.

ஆனால் நம்பிக்கையைத்தான் விற்கிறார்கள். விற்ற நம்பிக்கை படகுக்குள் என்ன செய்யும் என்பதை 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடி பார்த்தது. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு அன்று மாலை ஏரியில் கவிழ்ந்தது. இறந்தவர்கள் 45 பேர். அவர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலங்களிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள். ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆன புதுப் படகு அது. கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கம் திரண்டார்கள், படகு சாய்ந்தது என்று அப்போது சொல்லப்பட்டது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும், அந்தப் படகுக்கு இருந்த நிலைத்தன்மையும் கேள்விக்குள்ளாயின. அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது.

பயணிகளை மட்டும் குற்றம் சொல்வது எளிது. விலங்கைக் காட்டுகிறோம் என்று அழைத்து வந்துவிட்டு, விலங்கு தெரியும்போது எழுந்திருக்காதே என்று எதிர்பார்க்க முடியாது. மான் தெரிந்தால் குழந்தை துள்ளும். குழந்தை துள்ளினால் தாய் எழுவாள். அதையும் தாங்குகிற படகைக் கட்டுவதும், ஏற்றக்கூடிய எண்ணிக்கையில் கண்டிப்பாக இருப்பதும் படகு விடுகிறவர்களின் பொறுப்பு. தேக்கடியில் இப்போது லைஃப் ஜாக்கெட் கட்டாயம். புகைப்படத்துக்கு அழகாக இல்லை என்று அதைத் தளர்த்துகிறவர்கள், ஜாக்கெட் எதனால் வந்தது என்று ஒரு நிமிடம் நினைப்பது நல்லது.

இதே தேக்கடியில் வேறு மாதிரிப் பயணமும் உண்டு. ஒரு காலத்தில் காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து வயணா மரத்தின் பட்டையை உரித்துக் கடத்தியவர்களை, 1990களின் பிற்பகுதியில் வனத்துறை பேசிப் பேசித் தன் பக்கம் கொண்டுவந்தது. அவர்கள் இன்று காட்டின் காவலர்கள், சுற்றுலா வழிகாட்டிகள். மூங்கில் தெப்பத்தில் ஏரியைக் கடந்து, காட்டுப் பாதையில் நடத்தி அழைத்துச் செல்கிறார்கள். ஒரு குழுவில் சுமார் பத்துப் பயணிகள். துணைக்குத் துப்பாக்கியுடன் ஒரு வனக்காவலர். மன்னான், பளியர் பழங்குடியினரும் வழிகாட்டிகளாக வருகிறார்கள். எந்தச் சாணம் காலையில் போட்டது, எந்த மரத்தில் கரடி நகம் பதித்தது என்று அவர்கள் காட்டுவார்கள். யானை வராத நாளிலும் பார்க்க ஏதாவது இருக்கும். காசு கொடுத்தது வீண் என்ற எண்ணம் எழுவதில்லை.

தனிக் காருக்குக் கூடுதலாகப் பணம் கட்டுகிறவர் உண்மையில் வாங்குவது இந்த நிதானத்தைத்தான். கூட்டத்தோடு பஸ்ஸில் வருகிறவர் குறித்த படகில் ஏறியே ஆக வேண்டும். தனியாக வருகிறவர் காத்திருக்கலாம். கூட்டமான படகை வேண்டாமென்று விடலாம். விந்தை என்னவென்றால், அந்த உரிமையைப் பலர் புறப்படும் முன்பே இழந்துவிடுகிறார்கள். ‘நள்ளிரவில் கிளம்பினால் காலை முதல் படகைப் பிடித்துவிடலாமே’ என்று டிரைவரை நெருக்குவார்கள். திருவனந்தபுரத்திலிருந்து தேக்கடி சுமார் 200 கி.மீ. முண்டக்கயம் தாண்டினால் குட்டிக்கானம், பீர்மேடு வரை வளைவும் பனிமூட்டமும்தான். தூக்கம் கெட்ட டிரைவரிடம் குடும்பத்தின் உயிரை ஒப்படைத்து மிச்சம் பிடிப்பது ஒரு நாள் ஹோட்டல் வாடகை. வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களையும் இருட்டிலேயே கடந்துவிடுவார்கள். எழில் சாலைப் பயணம் என்று திட்டத்தில் எழுதியிருப்பது அந்தச் சாலையைத்தான்.

ஆலப்புழையில் காரிலிருந்து கெட்டுவள்ளத்துக்கு மாறும்போதும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. ஒரு காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய, ஆணியில்லாமல் கயிற்றால் கட்டிய வள்ளங்கள் இவை. 1990களில் மிதக்கும் விடுதிகளாயின. படகுக்குப் பதிவு உண்டா, எத்தனை பேருக்கு அனுமதி, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று ஏறும் முன் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. மாலை 5.30 மணி வாக்கில் படகை நிறுத்திக் கட்டிவிடுவார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை பிடிப்பவர்களும் உண்டு. இரவில் காயல் மீனவர்களுடையது. அவர்கள் வலை விரிக்கும் நேரம் அது.

இருட்டிய பின் ஓடிய உல்லாசப் படகு ஒன்று 2023 மே 7ஆம் தேதி மலப்புரம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்கு முன், 2002 ஜூலை 27ஆம் தேதி, முகம்மாவிலிருந்து குமரகம் சென்ற அரசுப் படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கியதில் 29 பேர் இறந்தார்கள். அரசு வேலைக்கான தேர்வு எழுதப் போன இளைஞர்கள் பலர் அதில் இருந்தார்கள். தேக்கடி, தானூர், குமரகம் மூன்றிலும் எழுந்த முதல் புகார், அளவுக்கு மீறிய கூட்டம்.

நான்காம் நாள் கார் தெற்கே திரும்பும். ஆலப்புழையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 150 கி.மீ. பாதி வழியில்கூட வருவதற்கு முன், நெடுஞ்சாலையை விட்டுக் கடல் பக்கம் சிறிது விலகினால் பல்லனை. மலையாள மகாகவி குமாரன் ஆசான் 1924 ஜனவரி 16 அன்று, விடிவதற்கு முன், ‘ரிடீமர்’ என்ற படகு கவிழ்ந்து இறந்த இடம் அது. அவருக்கு வயது 50. கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குச் சென்ற அந்தப் படகில் அன்று கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆறாண்டுக்கு ஒரு முறை பத்மநாபசாமி கோயிலில் நடக்கும் முறஜபம் முடிந்து, திருவனந்தபுரத்திலிருந்து ஊர் திரும்பியவர்கள் அதில் நெருக்கியடித்து ஏறியிருந்தார்கள். அடுத்த படகுக்குக் காத்திருக்க அன்றும் யாருக்கும் மனமில்லை.

தலைநகரை நெருங்கும்போது அதே நெடுஞ்சாலையில் தோன்னய்க்கல் வரும். ஆசான் வாழ்ந்த வீடு அங்கே நினைவகமாக இருக்கிறது. டிராவல்ஸ் திட்டங்களில் பெரும்பாலும் அதன் பெயர் இருக்காது. தனிக் கார்தானே, நிறுத்தச் சொன்னால் டிரைவர் நிறுத்துவார்.