கொழுப்பை ஒதுக்காதீர், மாற்றுங்கள்!

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வடை, பஜ்ஜிக் கடைகளுக்குக் குறைவில்லை. 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு நோய் உள்ளது. இந்தியர்களிடையே இவ்விகிதம் இன்னும் அதிகம்.

இதற்கு அஞ்சிச் சிலர் கொழுப்பையே அடியோடு ஒதுக்குகின்றனர். அது தேவையில்லை என்பது என் கருத்து. இரத்தத்திலுள்ள சர்க்கரை உடல் அணுக்களுக்குள் செல்ல இன்சுலின் உதவுகிறது. நெய்யிலுள்ள நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக நல்லெண்ணெய், நிலக்கடலை, மீன் ஆகியவற்றிலுள்ள நிறைவுறாக் கொழுப்பை உண்டால் இன்சுலின் செவ்வனே செயல்படும். நீரிழிவு அபாயமும் குறையும்.

ஆயினும், நல்லெண்ணெயும் அளவு மீறினால் உடல் எடையைக் கூட்டும். கெம்போங் மீனைப் பொரிப்பதைவிடக் குழம்பு வைப்பதே நன்று. குழம்போடு இனிப்புப் பானம் அருந்தினால் பயனில்லை. எனவே, மாற்றத்தை நம் வீட்டுச் சமையலறையிலிருந்தே தொடங்குவோம்.