ஞாயிறு காலை 11 மணி

அமெரிக்காவில் வாரத்திலேயே இனப் பிரிவினை மிக அதிகமாகத் தெரியும் நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி என்று மார்ட்டின் லூதர் கிங் 1960-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். அதற்குப் பிறகும் பல மேடைகளில் சொன்னார். அவரே ஒரு பாப்டிஸ்ட் போதகர். எல்லோரும் கோயிலுக்குப் போகும் நேரம் அது. வெள்ளையர் ஒரு கதவு வழியாகவும் கறுப்பினத்தவர் வேறு தெருவில் வேறு கதவு வழியாகவும் உள்ளே போவதைத்தான் குறிப்பிட்டார்.

இந்த வாக்கியத்தை இன்றைக்கும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். காட்டிவிட்டு, உடனே "ஆகவே எல்லோரும் ஒரே சபையில் கூடவேண்டும்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த "ஆகவே"யில்தான் சந்தேகம். யார், யாருடைய சபைக்குப் போவது? போனபிறகு அங்கே அவர்களுக்கு என்ன இடம்? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் ஒற்றுமையைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு என்பது என் கட்சி.

முதலில், கறுப்பினத்தவருக்கென்று தனிச் சபைகள் ஏன் வந்தன என்று பார்ப்போம். "அவர்களுக்கு அவர்கள் பாட்டும் நடையும்தான் பிடிக்கும், அதனால் தனியாகப் போய்விட்டார்கள்" என்று பொதுவாக நினைக்கிறோம். நடந்தது வேறு.

பிலடெல்ஃபியாவில் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் சபை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே கூரையின் கீழ்தான் ஆராதித்தார்கள். அடிமையாகப் பிறந்து, உழைத்துச் சேர்த்த பணத்தில் தன் விடுதலையைத் தானே வாங்கிக்கொண்ட ரிச்சர்ட் ஆலன் அங்கே பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். சபைக் கட்டிடத்தை விரிவுபடுத்தி மேல்மாடம் கட்டினார்கள். கறுப்பின அங்கத்தினர்களும் அதற்குத் தாராளமாகப் பணம் கொடுத்ததாக ஆலன் எழுதியிருக்கிறார். ஒரு ஞாயிறு, எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபம் செய்துகொண்டிருக்கும்போது, சபை நிர்வாகி ஒருவர் வந்து அப்சலோம் ஜோன்ஸ் என்பவரைப் பிடித்து எழுப்பினார். நீங்கள் இருக்கவேண்டிய இடம் இதில்லை என்றார். ஜெபம் முடியட்டும் என்று ஜோன்ஸ் கேட்டும் விடவில்லை. ஜெபம் முடிந்தது. கறுப்பின அங்கத்தினர்கள் மொத்தமாக எழுந்து வெளியே போனார்கள்.

இது 1787-ல் நடந்தது என்று ஒரு கணக்கு, 1792-ல் என்று இன்னொரு கணக்கு. எப்படியிருந்தாலும், 1794-ல் ஆலனின் பெத்தேல் சபையும், ஜோன்ஸின் செயின்ட் தாமஸ் சபையும் திறக்கப்பட்டன. அதோடும் முடியவில்லை. பெத்தேலின் கட்டிடமும் பிரசங்க மேடையும் தங்கள் ஆளுகைக்குள்தான் என்று வெள்ளை மெதடிஸ்டுகள் உரிமை கொண்டாடினார்கள். விஷயம் நீதிமன்றம் போய், 1816-ல்தான் பெத்தேலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோபல் திருச்சபை உருவானது. ஆலன் அதன் முதல் பிஷப்.

ஆக, தனிச் சபைக்குப் போனவர்கள் ஒற்றுமையை வெறுத்துப் போகவில்லை. இருந்த ஒரே சபையிலிருந்து, தாங்கள் காசு கொடுத்துக் கட்டிய தளத்திலிருந்து, முழங்காலில் நிற்கும்போது எழுப்பப்பட்டார்கள். "பிரிவினை" என்ற ஒரே சொல்லால் எழுப்பியவரையும் எழுந்து போனவரையும் சேர்த்துக் குற்றம் சாட்டுவது நியாயமா?

அடுத்த ஒன்றரை நூற்றாண்டின் கதையும் இதேதான். 1845-ல் தெற்கு பாப்டிஸ்டுகள் தனி அமைப்பாகப் பிரிந்தது அடிமை முறைப் பிரச்சினையில். (150 வருடம் கழித்து, 1995-ல், அதற்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டார்கள்.) 1939-ல் பிரிந்துகிடந்த மூன்று மெதடிஸ்ட் பிரிவுகள் ஒன்றாக இணைந்தன. எல்லா சபைகளையும் ஊர்வாரியாக மண்டலங்களாகப் பிரித்தார்கள். கறுப்பினச் சபைகளை மட்டும், எந்த ஊரில் இருந்தாலும் சரி, நிறத்தை வைத்துத் தனி மண்டலமாக ஒதுக்கினார்கள். இணைப்பு விழாவிலேயே ஒதுக்கீடு! அந்தத் தனி மண்டலம் 1968-ல்தான் ஒழிந்தது.

1960-களில் கறுப்பின மாணவர்கள் ஞாயிறு காலையில் நல்ல உடை உடுத்திக்கொண்டு வெள்ளையர் சபைகளின் வாசலுக்குப் போனார்கள். உள்ளே விட்டால் ஆராதனை, விடாவிட்டால் வாசல் படியிலேயே முழங்கால். மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் கேலோவே மெதடிஸ்ட் சபை 1963-ல் அப்படி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. பல வருடம் அங்கே போதகராக இருந்த டபிள்யூ. பி. சீலா அதே நாளில் மேடையிலிருந்தே தன் விலகலை அறிவித்தார். அடுத்த வருடம் ஈஸ்டர் அன்று அதே சபைக்கு இரண்டு மெதடிஸ்ட் பிஷப்புகள் போனார்கள், ஒருவர் கறுப்பினத்தவர், ஒருவர் வெள்ளையர். இருவரையும் வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். தன் சொந்தத் திருச்சபையின் பிஷப்பை, அதுவும் உயிர்த்தெழுதல் திருநாளில்!

இதெல்லாம் வெளிப்படையான வெறுப்பு. அதை அடையாளம் காண்பது சுலபம். நல்லெண்ணத்தோடு வந்த ஒரு கொள்கையும் இதே வேலையைச் செய்தது என்பதுதான் எனக்கு அதிக ஆச்சரியம். அதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு.

டொனால்ட் மக்கவ்ரன் என்ற அமெரிக்க மிஷனரி 1897-ல் மத்திய இந்தியாவின் தாமோ என்ற ஊரில் பிறந்தவர். இங்கே பல ஆண்டுகள் ஊழியம் செய்தவர். இந்தியாவில் மக்கள் தனித்தனி ஆளாக மதம் மாறுவதைவிட, சாதியாகவும் உறவுக் கூட்டமாகவும் சேர்ந்து வருவதைக் கவனித்தார். 1955-ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். இனம், மொழி, வர்க்கம் என்ற வேலிகளைத் தாண்டாமலேயே கிறிஸ்தவராக முடிந்தால் மக்கள் சுலபமாக வருவார்கள், ஆகவே ஒரே மாதிரியானவர்களைக் கொண்டு சபை கட்டினால் அது வேகமாக வளரும் என்பது அவர் பிற்காலத்தில் வகுத்த கோட்பாட்டின் சாரம். வாசலில் வேலி வேண்டாம், உள்ளே வந்தபிறகு வேலிகள் தானாக விழும் என்பது அவருடைய நம்பிக்கை.

அமெரிக்கப் புறநகர்களில் புதிய சபைகள் தொடங்கியவர்களுக்கு இந்தக் கோட்பாடு அல்வா மாதிரி கிடைத்தது. நமக்குப் பிடித்த மாதிரி ஆட்கள், நமக்குப் பிடித்த பாட்டு, ஒரே அளவு சம்பளம், ஒரே மாதிரி வீடு. சபையும் வளர்ந்தது. யாரையும் வாசலில் தடுக்கவேண்டிய அவசியமே இல்லை. வேறு ஆட்கள் அந்தப் பேட்டையிலேயே இருக்கமாட்டார்களே! இந்தியச் சாதியைப் பார்த்து எடுத்த பாடம், அமெரிக்க இனப் பிரிவினைக்கு இப்படி ஒரு சௌகரியமான விளக்கவுரை ஆனது.

சௌகரியத்துக்காகக் கொடுத்த சலுகை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. 1857-ல் அங்கே டச்சு சீர்திருத்தச் சபையின் மாமன்றம் கூடியது. எல்லோரும் ஒரே சபையில் இருப்பதுதான் வேதத்துக்கு ஒத்தது, ஆனால் சிலருடைய பலவீனத்தின் காரணமாகத் தேவைப்பட்டால் தனியாகக் கூடலாம் என்று தீர்மானித்தார்கள். வெறும் "சிலருடைய பலவீனம்". 1881-ல் அது நிறத்துக்கென்று ஒரு தனிச் சபையாக ஆனது. 20-ஆம் நூற்றாண்டில் இனஒதுக்கல் ஆட்சிக்கே வேத ஆதாரம் தேடிக் கொடுக்கும் நிலைக்கு வந்தது. 1982-ல் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு ஒட்டாவாவில் கூடி, இனஒதுக்கலுக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது வேதப்புரட்டு என்று அறிவித்து அந்தச் சபையை இடைநீக்கம் செய்யும்வரை போனது. ஒரு விதிவிலக்கு விதியாக மாற ஒரு தலைமுறை போதும்.

சரி, இன்றைய நிலை என்ன? முன்னேற்றம் இருக்கிறது, மறுக்கவில்லை. எந்த ஓர் இனமும் 80 சதவீதத்துக்கு மேல் இல்லாத சபையைப் பல்லினச் சபை என்று வைத்துக்கொண்டு கணக்கெடுக்கிறார்கள். 1998-ல் அமெரிக்கச் சபைகளில் 6 சதவீதம்தான் அப்படி இருந்தன. 2019-ல் அது 16 சதவீதம். ஆனால் இதே கணக்கை ஆராய்ந்தவர்களில் ஒருவரான சமூகவியலாளர் மைக்கேல் எமர்சன் சுட்டிக்காட்டிய ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதை. மற்ற இனத்தவர் வெள்ளையர் சபைக்குப் போகிறார்கள். வெள்ளையர் மற்றவர்களுடைய சபைக்குப் போவது கூடவே இல்லை.

நான் முதலில் கேட்ட "யார், யாருடைய சபைக்கு" என்ற கேள்விக்கு இதுதான் பதில். சேர்ந்து வாழ்வதற்கான செலவை ஒரு தரப்பு மட்டும் கொடுக்கிறது. அவர்கள் பாட்டை விட்டுவிட்டு வரவேண்டும், பிரசங்கத்துக்கு "ஆமென்" என்று குரல் கொடுக்கும் பழக்கத்தை அடக்கிக்கொள்ள வேண்டும், போலீஸ் துப்பாக்கிச் சூட்டைப் பற்றி ஜெபக் குறிப்பு கொடுத்தால் "அரசியல் வேண்டாமே" என்று யாராவது சொல்வதைச் சிரித்துக்கொண்டே கேட்க வேண்டும். 2016 அதிபர் தேர்தலுக்குப் பிறகு, வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள சபைகளிலிருந்து கறுப்பினத்தவர் சத்தமில்லாமல் விலகிப் போவதைப் பற்றி 2018-ல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. அவர்களை யாரும் முழங்காலிலிருந்து எழுப்பவில்லை. ஆனாலும் எழுந்து போனார்கள்.

எதிர்வாதத்தையும் பார்க்க வேண்டும். 2021-ல் பியூ ஆய்வு மையம் கறுப்பின அமெரிக்கர்களிடம் கேட்டபோது, பாரம்பரியக் கறுப்பினச் சபைகளும் பல இனத்தவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 61 சதவீதம் பேர் சொன்னார்கள். 33 சதவீதம் பேர்தான் பழைய அடையாளத்தைக் காக்க வேண்டும் என்றார்கள். எனவே "அவர்களை அவர்கள் போக்கில் விடுங்கள்" என்று நான் அவர்கள் சார்பில் வக்காலத்து வாங்க முடியாது. அவர்களில் பெரும்பாலோர் கதவைத் திறந்து வைக்கத்தான் விரும்புகிறார்கள்.

திறந்தும் வைத்திருக்கிறார்கள். தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் இமானுவேல் சபை இருக்கிறது, ஆலன் நிறுவிய அதே திருச்சபையைச் சேர்ந்தது. 1834-ல் அந்த ஊரில் கறுப்பினச் சபைகளையே தடைசெய்தார்கள். உள்நாட்டுப் போர் முடியும்வரை ஒளிந்து ஒளிந்து ஆராதித்த சபை அது. 2015 ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை இரவு, வேத ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு முன்பின் தெரியாத ஒரு வெள்ளை இளைஞன் வந்தான். யாரும் வாசலில் தடுக்கவில்லை. உள்ளே அழைத்து உட்கார வைத்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு, போதகர் உட்பட 9 பேரைச் சுட்டுக் கொன்றான். கேலோவேயின் வாசலையும் இமானுவேலின் வாசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், "பிரிந்து கிடப்பவர்கள்" என்று யாரைச் சொல்வது என்று தெரியவரும்.

"அப்படியானால் அமெரிக்காவில் கொரியர்களும் மலையாளிகளும் தமிழர்களும் தனித்தனியாக ஆராதனை நடத்துகிறார்களே, அதுவும் பிரிவினைதானே?" என்று கேட்கலாம். தாய்மொழியில் ஜெபிக்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. புது ஊரில் கால் ஊன்றுகிறவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். மொழி புரியாத ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் யாராவது போய் உட்காருவார்களா? மொழியே தெரியாமல் வளரும் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருக்குமா? இருந்தால் அது வீடு. இல்லாவிட்டால் அதுவும் வேலிதான்.

ஒரு சபை ஒன்றுபட்ட சபையா என்று பார்க்க, பெஞ்சுகளில் எத்தனை நிறம் என்று எண்ணுவது போதாது. பிரசங்க மேடையில் யார் நிற்கிறார்கள், காணிக்கைப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள், யாருடைய துக்கம் முழுச் சபையின் ஜெபமாக ஆகிறது என்று பார்க்க வேண்டும். செயின்ட் ஜார்ஜில் எல்லா நிறமும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்களே, மூன்றில் எதாவது ஒன்றாவது இருந்ததா?

எனவே ஒற்றுமையை உண்மையாகவே விரும்பும் வெள்ளையர் சபைகளுக்கு நான் சொல்ல நினைப்பது எளிமையானது. "எங்களிடம் வாருங்கள்" என்று பலகை வைப்பதற்குப் பதிலாக, ஒரு வருடம் நான்கு தெரு தள்ளி இருக்கும் கறுப்பினச் சபைக்கு நீங்கள் போய்ப் பாருங்கள். பின் வரிசையில் உட்காருங்கள். தெரியாத பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் போதகருக்குக் கீழ்ப்படிந்து, அவர்கள் குழுக்களில் சொன்ன வேலையைச் செய்யுங்கள். 200 வருடத்துக்கு மேலாக மற்றவர்கள் கொடுத்துவரும் செலவில் ஒரு தவணையாவது அப்போது உங்கள் கையிலிருந்து போகும்.