காபியை அவர் போடட்டும்... நீங்கள் ஓடுங்கள்!

உங்கள் வீட்டில் ஒருவர் தினமும் காலையில் அரை மணி நேரம் ஓடப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது யாராக இருக்கும்? கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஒன்று, போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிற பையன். இல்லாவிட்டால், 'ஷுகர் பார்டர்ல இருக்கு, ஜாக்கிரதை!' என்று டாக்டர் மிரட்டி அனுப்பிய அப்பா.

அம்மா?

'அவளுக்கு ஏதுங்க நேரம்?' என்பீர்கள். அந்த 'ஏது நேரம்' என்ற வார்த்தையைத்தான் கொஞ்சம் பிடித்து உலுக்கலாம் என்று இருக்கிறேன். கோபித்துக் கொள்ளாதீர்கள்.

முதலில் ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் உடம்புக்குத் தேவையான அளவு அசைவது இல்லை. அதிலும் ஆண்களில் 42 சதவிகிதம் என்றால், பெண்களில் 57 சதவிகிதம்! இன்னொரு பக்கம், 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

'வீட்டு வேலையே பெரிய எக்ஸர்சைஸ்தானே?' என்று கேட்பவர்கள் உண்டு. வேலைதான், சந்தேகமில்லை. தண்ணீர்க் குடம் தூக்குவதும், துணி துவைப்பதும் உடம்புக்கு அசைவுதான். ஆனால், அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நூறு தடவை நடப்பதில் கால் வலிக்கிறது, முதுகு பிடிக்கிறது. இதயம் தொடர்ந்து இருபது நிமிடம் வேகமாகத் துடிக்கிறதா என்றால், இல்லை. நுரையீரலும் ரத்தக் குழாய்களும் பலப்படுவதற்கு அந்தத் தொடர்ச்சி வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமான நடை, அல்லது 75 நிமிடமாவது ஓட்டம் மாதிரி கடுமையான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு. 75 நிமிடம் என்றால்? வாரத்தில் மூன்று நாள், தலைக்கு 25 நிமிடம். அவ்வளவுதான். டி.வி. சீரியல் ஒரு எபிசோட்!

முடியாது என்று சொன்னார்கள்!

பெண்களால் நீண்ட தூரம் ஓட முடியாது என்று நம் ஊர்க்காரர்கள் மட்டும் சொல்லவில்லை. படித்த வெள்ளைக்காரர்களே சொன்னார்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துப்போனதைப் பெரிதுபடுத்தி எழுதி, அந்தப் பந்தயத்தையே தூக்கிவிட்டார்கள். மறுபடி வந்தது 1960-ல்தான்!

1966-ல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஓட பாபி கிப் என்ற பெண் விண்ணப்பித்தார். 'பெண்ணின் உடம்பு இதைத் தாங்காது' என்று பதில் வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பந்தயம் ஆரம்பிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதரில் ஒளிந்திருந்து, கூட்டத்தோடு சேர்ந்து ஓடி, முழு தூரத்தையும் முடித்துவிட்டார். பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் என்பது 1984 லாஸ் ஏஞ்சல்ஸில்தான் வந்தது. நம்முடைய பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டாரே, அதே ஒலிம்பிக்!

'ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும்' என்று இன்றும் பயமுறுத்துகிற பாட்டிமார்கள் இருக்கிறார்கள். ஆரோக்கியமான பெண்ணுக்கு ஓடுவதால் மட்டும் அப்படி ஆவதில்லை. ஏற்கெனவே இறக்கம் இருந்தாலோ, இருமினால் தும்மினால் சிறுநீர் கசிந்தாலோ, டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். முழங்கால் தேய்ந்துவிடும் என்பதும் அப்படித்தான். 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பில், பொழுதுபோக்காக அளவோடு ஓடுகிறவர்களில் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது 3.5 சதவிகிதம் பேருக்கு. ஓடாமல் உட்கார்ந்தே இருந்தவர்களில் 10.2 சதவிகிதம் பேருக்கு!

பழனிக்கு நடக்கலாம்... நமக்காக ஓடக்கூடாதா?

தைப்பூசம் வந்தால் திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் சாலையைப் பாருங்கள். இரவு பகல் பாராமல் சாரை சாரையாகப் பாதயாத்திரைக் கூட்டம். ஐம்பது வயது அம்மாக்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். கொப்புளம் போட்டாலும் நிற்பதில்லை. கன்னிவாடிப் பக்கத்துக் குடும்பங்களில் பழனிக்கு நடக்காத ஆள் குறைவு. யாராவது, 'உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?' என்று கேட்டதுண்டா? இல்லை. தண்ணீரும் மோரும் கொடுத்துக் கும்பிட்டு அனுப்புகிறோம்.

அதே அம்மா, அடுத்த மாதம் ஒரு கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு மலையடிவார ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் ஓடட்டும். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சேதி! 'என்னாச்சு அவளுக்கு?'

ஆக, தடை கால்களில் இல்லை. சாமிக்காக என்றால் சரி, பிள்ளைகளுக்காக என்றால் சரி, தனக்காக என்றால் மட்டும் தப்பு என்று நினைக்கிற நம் மனசில்தான் இருக்கிறது.

எப்படி ஆரம்பிப்பது?

முதல் நாளே பறக்காதீர்கள். ஆரம்பித்த வேகத்தில் நிறுத்துகிறவர்களில் பலபேர், முதல் வாரமே மூச்சு முட்ட ஓடி, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு படுத்தவர்கள்தான்.

ஐந்து நிமிடம் நடங்கள். பிறகு ஒரு நிமிடம் மெதுவாக ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி ஏழெட்டுத் தடவை. வாரத்தில் மூன்று நாள் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள். இடைப்பட்ட நாள் ஓய்வு என்பது சோம்பேறித்தனம் இல்லை. தசையும் எலும்பும் தன்னைச் சரிசெய்துகொள்கிற நேரமே அதுதான். வாரா வாரம் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, நடையைக் குறையுங்கள். இரண்டரை, மூன்று மாதத்தில் நிற்காமல் அரை மணி ஓடுவீர்கள்.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பேச்சு திக்கினால் வேகத்தைக் குறையுங்கள். அவ்வளவு சுலபமான அளவுகோல்!

கிளம்புமுன் சில விஷயங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. ரத்தசோகையோடு ஓடினால் களைப்புதான் மிஞ்சும். ஆகவே முதலில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். நாற்பது தாண்டியவர்கள், பி.பி., சர்க்கரை உள்ளவர்கள், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் பாக்கெட்டில் இரண்டு மிட்டாய் வைத்திருப்பது அவசியம். மார்பு வலி, தலைசுற்றல், படபடப்பு என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். வீம்பு வேண்டாம்.

வெறும் வயிற்றில் ஓட முடியவில்லையா? நம் பக்கத்துச் சிறுமலைப் பழமோ விருப்பாச்சிப் பழமோ ஒன்று சாப்பிடுங்கள், போதும். அப்புறம் ஒரு விஷயம். 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 300 கலோரி செலவாகும். 'இன்னிக்கு ஓடியாச்சே!' என்று ஒரு ஃபுல் பிளேட் திண்டுக்கல் பிரியாணியைக் கட்டினால், கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்!

ரோடு யாருடையது?

கன்னிவாடி மாதிரி ஊர்களில் நடைபாதை கிடையாது. விடிகாலையில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிய வண்டிகள் பறக்கும். எனவே ரோட்டின் வலது ஓரமாக, வண்டியை எதிர்ப்பார்த்தபடி ஓடுங்கள். வெளிர் நிறத் துணி நல்லது. காதில் பாட்டு வேண்டாம். மலையை ஒட்டிய தோட்டப் பாதைகளில் இருட்டில் போகவே போகாதீர்கள். அது யானை நடமாட்டம் உள்ள பகுதி.

பௌஜா சிங்கை நினைத்துப் பாருங்கள். பஞ்சாபில் பிறந்து லண்டனில் குடியேறியவர். மனைவியையும் மகனையும் இழந்த துக்கத்தை ஆற்றிக்கொள்ள ஓட ஆரம்பித்தார். 2000-ல், 89 வயதில் முதல் மாரத்தான். 2011-ல், நூறு வயதில், கனடாவின் டொரன்டோவில் 42.195 கிலோமீட்டரையும் முடித்தார். அப்பேர்ப்பட்டவரை 2025 ஜூலையில் அவரது சொந்தக் கிராமத்துச் சாலையில் ஒரு வாகனம் மோதிக் கொன்றது. வயது தோற்கடிக்காதவரை ரோடு தோற்கடித்துவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், ஊர்தோறும் பள்ளி மைதானங்களைக் காலை ஐந்து முதல் ஏழு மணி வரை பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். ஒரு ட்யூப் லைட், ஒரு குழாய், ஒரு வாட்ச்மேன். இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால், கன்னிவாடிக்காரர் ஒருவர் நடைக்காகப் பஸ் ஏறி இன்னோர் ஊருக்குப் போக முடியுமா? மைதானம் வீட்டுப் பக்கத்தில் இருந்தால்தான் பெண்கள் வருவார்கள்.

மெடலுக்காக ஓடலாமா?

இப்போது சென்னை, கோவை, மதுரை என்று எங்கு பார்த்தாலும் மாரத்தான். பந்தயம் கூடாது என்று சொல்ல மாட்டேன். தேதி குறித்துவிட்டால் மழையிலும் எழுந்திருப்போம். அதுதான் பந்தயத்தின் உபயோகம். முதலில் 5 கி.மீ., பிறகு 10 கி.மீ., ஒரு வருஷம் ஒழுங்காக ஓடிய பிறகு 21 கி.மீ. என்று படிப்படியாகப் போங்கள். பயிற்சி இல்லாமல் நண்பர் கூப்பிட்டார் என்று நம்பரைக் குத்திக்கொண்டு ஓடுவது ஆபத்து. அன்றைக்குப் பக்கத்தில் ஓடுகிறவர் உங்கள் எதிரி இல்லை. போன மாதத்து நீங்கள்தான் போட்டி.

தமிழகத்தின் சுகாதாரத்துறை அமைச்சராக 2021-ல் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சர்க்கரை நோய் உண்டு. விபத்தில் முழங்காலில் பலத்த அடியும் பட்டவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓட ஆரம்பித்து, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்திருக்கிறார். 'ஓடலாம் வாங்க' என்று புத்தகமும் எழுதியிருக்கிறார். அரசியல் நமக்கு வேண்டாம். அவ்வளவு வேலைக்கு நடுவில் அவருக்குக் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பாருங்கள்.

கூடவே, இதையும் யோசியுங்கள். ஓட்டத்தில் பேர் வாங்கிய எந்த ஆண்பிள்ளைக்கும், திரும்பி வரும்போது வீட்டில் இட்லி தயாராக இருந்திருக்கும்!

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

ஆர்வம் என்பது தினமும் பொங்கிக்கொண்டே இருக்காது. இரண்டாவது வாரம் அலுக்கும். மூன்றாவது வாரம் மழை வரும். அப்போது அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பப்போவது பொன்மொழிகள் இல்லை. வாசலில் காத்திருக்கிற பக்கத்து வீட்டுத் தோழிதான். ஆகவே இரண்டு பேராவது சேர்ந்து ஆரம்பியுங்கள். காலண்டரில் ஓடிய நாளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் பரவாயில்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மற்றதெல்லாம் வீட்டில் உள்ளவர்கள் கையில். ஐயா, வாரத்தில் மூன்று நாள் பாலை நீங்கள் காய்ச்சுங்கள். தம்பி, உன் டிபன் பாக்ஸை நீயே கட்டிக்கொள். மாமியாரம்மா, 'மருமகள் ஓடுறா' என்று தெருவில் யாராவது இழுத்தால், 'ஆமா, நான்தான் போகச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் ஆயிரம் ரூபாய் ஷூ எல்லாம் நிற்காது.

மனைவிக்கு ஐம்பது வயதில் சர்க்கரையும் மூட்டுவலியும் வந்தபிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்க நம்மால் நேரம் ஒதுக்க முடிகிறது. முப்பத்தைந்து வயதில் வாரத்துக்கு 75 நிமிடம் ஒதுக்க முடியாதா?

நாளைக் காலை அலாரம் யாருக்கு என்று இன்று ராத்திரியே பேசி முடிவு பண்ணிவிடுங்கள்.